பன்னிரண்டு சென்ரிமீற்றர்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்
மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது
மீயொலி உணரி ஒன்று, வயர் ஒரு கட்டு, ஈயம் ஒரு சுருள்.
பெட்டி மட்டும் இலவசம்:
ருமைஸா வீட்டு ஐஸ்கிரீம் டப்பா.
தினெத் சிங்களத்தில் ஒருமுறை
தமிழில் ஒருமுறை பேரம் பேசினான்.
இரண்டிலும் தோற்றான்.

உயர்தரத்தில் நான் படித்தவை
தடையி, கொள்ளளவி, இருவாயி.
இரண்டு வாய் இருந்தும்
ஒரு திசைக்கு மட்டும் வழிவிடும் என்று
ரியூஷன் கொப்பியில் அடிக்கோடிட்டிருந்தேன்.
கையில் எடுத்தது இங்கேதான்,
இரண்டாம் வருடத்தில்.
ஒரு அரிசியை விடக் கொஞ்சம் பெரிது.
தலைமாற்றிப் பூட்டினால்
கோபிக்காது, புகையாது,
சும்மா இருக்கும்.
அந்தச் சும்மா
ஒரு முழுப் பின்னேரத்தைத் தின்றது.

பிறகு இரண்டு பலகைகள்
ஒன்றோடொன்று பேச மறுத்தன.
திரையில் கேள்விக்குறி, வெறும் சதுரம், கேள்விக்குறி.
நூற்றுப் பத்து வரிக் கோட்டை
மூன்று பேரும் விரல்வைத்து வாசித்தோம்.
பிழை அங்கே இல்லை.
இரண்டுக்கும் பொதுத் தரை கொடுக்கவில்லை.
ஒரு கறுப்பு வயர்.
நான் வாய் திறக்குமுன்
"இதைக் கவிதையாக்கிடாத" என்றாள் ருமைஸா.
ஆக்கவில்லை.
வயரைச் செருகினேன்.

வெள்ளவத்தைக் கால்வாய்,
நடைபாலத்துக்கு அடியில் டப்பா.
கீழே ஒலி போகும், நீரில் பட்டுத் திரும்பும்,
போய்வந்த நேரத்தில் நீரின் தூரம்.
141, 141, 140.
இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே
155ஆம் இலக்க பஸ்ஸில் இறங்குமிடம் தவறினேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு பத்துக்கு
12.
மூன்று போனும் ஒன்றாய் அலறின.
தினெத் சாரத்தோடு கிருலப்பனையிலிருந்து ஓடினான்.
கால்வாய் கிடந்த இடத்தில் கிடந்தது,
அதே போத்தல், அதே நாற்றம்.
அடுத்த நாளும் ஆறு பத்து. அடுத்த நாளும்.
ரயில் அதிர்வு என்றாள் ருமைஸா.
பற்றரி என்றான் தினெத்.
நான் என் சோல்டரையே சந்தேகித்து
எல்லாக் கால்களையும் மறுபடி ஒட்டினேன்.
சுட்டுவிரலில் இன்னும் ஒரு வெள்ளைப் புள்ளி.

ஆறாம் நாள் மழையோடு விடிந்தது.
போன் அலறியது.
மூவரும் மூன்று கட்டிலில்
மறுபக்கம் திரும்பிப் படுத்தோம்.
பிறகு பார்த்தால் அன்று 12 இல்லை,
47.

ஏழரைக்குப் போனபோது
கரையோர வீட்டில் ஒருத்தி
நனைந்த பாயைக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள்.
உணரி, எச்சரிக்கை, செய்தி என்று
தினெத் விளக்கினான், கொஞ்சம் கெஞ்சலாக.
"எங்களுக்குக் கால் முதலே சொல்லிரும்" என்றாள்.
பாயின் அடுத்த முனையை
என்னிடம் நீட்டினாள். பிடித்தேன்.

மறுநாள் ஐந்தரைக்கே பாலத்தில் உட்கார்ந்தோம்.
ஆறு பத்து.
ஒரு நீர்க்காகம்
குழாயின் மேல் வந்து நின்று
ஈரச் சிறகை விரித்தது,
சரியாக எங்கள் ஒலியின் பாதையில்.
பதினொரு நிமிடம்.
யாரும் பேசவில்லை.
தினெத் மட்டும் மெல்லச் சிரிக்கத் தொடங்கி
பாலக்கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

வெள்ளம் ஒரு நொடியில்
நூற்றிருபத்தொன்பது சென்ரிமீற்றர் ஏறாது.
அதை எழுத மூன்று வரி போதும்.
கூடவே, ஊருக்கு ஒன்று வேண்டுமென்று
அவள் வாசலில் ஒரு சிவப்பு விளக்கு.
அவள் அதில் துவாய் காயப்போடுகிறாள்.

வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்:
ஆங்கிலக் கோட்டின் நடுவே
இது என்ன தமிழில் ஒரு வரி?
குறிப்பு, சேர். இயந்திரம் அதை வாசிக்காது.
"என்ன எழுதியிருக்கு?"
எனக்கு முன்னால் தினெத் சொன்னான்,
எழுத்துத் தெரியாமல், மனப்பாடமாய்:
பன்னிரண்டு என்றால் பறவை.